இயற்கைத் தீவனம்: வாங்கினால் எவ்வளவு, விளைவித்தால் எவ்வளவு

கறவை மாட்டுப் பண்ணையில் ஆகும் செலவில் 60 முதல் 70 சதவீதம் தீவனத்துக்கே போகிறது. இயற்கை வேளாண்மைக்கு மாறுகிற சிறு விவசாயி தடுமாறுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வயலுக்கு யூரியா போடுவதை நிறுத்த ஒரு முடிவு போதும். காலையும் மாலையும் தொட்டியில் கரைத்து வைக்கும் மூட்டைத் தீவனத்தை நிறுத்தினால் மறுநாளே பால் குறைந்து தெரியும். அதனால் பல பண்ணைகளில் நிலம் இயற்கைக்கு மாறிப் பல ஆண்டு ஆனபிறகும் மாடு பழைய மூட்டையிலேயே நிற்கிறது.

எந்தத் தீவனம் இயற்கைத் தீவனம் ஆகும், ஒரு மாட்டுக்கு எவ்வளவு வேண்டும், அதற்கு எத்தனை சென்ட் நிலம் போதும், ஒரு லிட்டர் பாலுக்குத் தீவனச் செலவு எவ்வளவு விழும் என்பவற்றை இந்த அத்தியாயம் வரிசையாகப் பார்க்கிறது. கணக்குகள் தமிழ்நாட்டில் ஓரளவு பாசன வசதியுள்ள, இரண்டு மூன்று மாடு வைத்திருக்கும் பண்ணையை மனதில் கொண்டவை.

எது சேரும், எது சேராது

இந்தியாவில் அங்ககப் பொருள்களுக்கான, அதாவது இயற்கை முறையில் விளைந்தவற்றுக்கான, விதிகளை வகுப்பது 2001இல் தொடங்கிய தேசிய அங்கக உற்பத்தித் திட்டம். தமிழ்நாட்டில் சான்று வழங்கும் அரசுத் துறையின் தலைமையிடம் கோவையில் இருக்கிறது. ஏற்றுமதி நோக்கமில்லாத சிறு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரை ஒருவர் சரிபார்த்துக்கொள்ளும் பங்கேற்பு உத்தரவாத முறை 2011இல் வந்தது. இரண்டு மூன்று மாடு உள்ளவருக்குச் செலவிலும் அலைச்சலிலும் ஒத்துவருவது இந்த இரண்டாவது முறைதான்.

உலக அளவில் கோடெக்ஸ் என்ற உணவுத் தர நெறிமுறை ஒரு கீழ்வரம்பு வைத்திருக்கிறது. அசைபோடும் கால்நடைகளான மாடு, எருமை, ஆடு உண்ணும் தீவனத்தில் உலர் எடைக் கணக்கில் குறைந்தது 85 சதவீதம் அங்கக விளைபொருளாக இருக்க வேண்டும். கோழி, பன்றி போன்றவற்றுக்கு இது 80 சதவீதம். இந்தியத் தரநெறியும் இந்த அளவுகளை ஒட்டியே அமைந்தது. 2025 சனவரியில் அதன் எட்டாம் பதிப்பு வெளிவந்திருப்பதால், சான்றுக்கு விண்ணப்பிப்பவர் அந்தப் பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது நல்லது. உலர் எடை என்ற சொல்லை இங்கேயே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த அத்தியாயத்தின் கணக்குகள் எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. தீவனத்திலுள்ள ஈரத்தைக் கழித்தபின் மிஞ்சும் எடைதான் உலர் எடை. 100 கிலோ பச்சைப் புல்லில் அது ஏறக்குறைய 20 கிலோ. 100 கிலோ வைக்கோலில் 90 கிலோ.

விலக்கப்பட்டவற்றின் பட்டியலில் யூரியா, செயற்கை வளர்ச்சி ஊக்கிகள், செயற்கை நிறமும் பதப்படுத்திகளும், மரபணு மாற்றப்பட்ட பயிரின் விளைபொருள், கரைப்பான் கொண்டு எண்ணெய் பிரித்த பிண்ணாக்கும் தவிடும் முக்கியமானவை. அசைபோடும் கால்நடைகளுக்குக் கசாப்புக்கழிவும் ஆகாது. படிக்கும்போது எளிதாகத் தோன்றும் இந்தப் பட்டியல், மாட்டுக்கொட்டகைக்குள் வந்ததும் பழக்கமான பல பொருள்களை வெளியே தள்ளுகிறது.

முதலில் போவது பருத்திக்கொட்டை. கொங்குப் பகுதியில் அதை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து வைத்தால்தான் மாடு நன்றாகக் கறக்கும் என்று தலைமுறைகளாக நம்பப்படுகிறது. நம்பிக்கையில் உண்மையும் உண்டு. ஆனால் பி.டி. பருத்திக்கு இந்தியாவில் 2002இல் அனுமதி கிடைத்தபிறகு, நாட்டின் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதுவே ஆகிவிட்டது. சந்தையில் வாங்கும் பருத்திக்கொட்டையும் பருத்திப் பிண்ணாக்கும் மரபணு மாற்றப் பயிரிலிருந்து வந்தவை என்றே கொள்ள வேண்டும். நாட்டுப் பருத்தி போடுகிறவரைத் தெரிந்திருந்தால் ஒழிய இதற்கு வழியில்லை.

அடுத்தது எண்ணெய் நீக்கிய தவிடு. பெரிய ஆலைகள் தவிட்டிலிருந்து ஹெக்சேன் கொண்டு எண்ணெயைப் பிரித்துவிட்டு மிச்சத்தைத் தீவனமாக விற்கின்றன. சோயாப் பிண்ணாக்கும் பெரும்பாலும் இதே வழியில் வருவதுதான். தவிர, 2021 ஆகஸ்டில் மரபணு மாற்றச் சோயாப் பிண்ணாக்கை இறக்குமதி செய்ய ஒன்றிய அரசு அனுமதித்ததால் அதன் பிறப்பும் ஐயத்துக்கு உரியதாகிவிட்டது. மூட்டைக் கலப்புத் தீவனம் மூன்றாவது. அதில் ஓரளவு யூரியா சேர்க்க இந்தியத் தர நிர்ணயமே இடம் தருகிறது. வைக்கோலைச் சத்தேற்ற யூரியாக் கரைசல் தெளிப்பது, யூரியா வெல்லப்பாகுக் கட்டியை நக்கவிடுவது போன்ற பழைய பரிந்துரைகளும் இதோடு போகின்றன.

எஞ்சி நிற்பவை குறைவல்ல. செக்கில் ஆட்டிய கடலை, எள், தேங்காய்ப் பிண்ணாக்குகள், எண்ணெய் எடுக்காத பச்சைத் தவிடு, கோதுமைத் தவிடு, உளுந்து, துவரைப் பொட்டு, கம்பு, சோளம், மக்காச்சோளம், குருணை ஆகிய எல்லாமே இரசாயனமின்றி விளைந்திருந்தால் சேரும். இந்தியாவில் மரபணு மாற்ற நிலக்கடலையோ மக்காச்சோளமோ பயிரிட அனுமதியில்லை என்பதால் அந்தப் பக்கத்துக் கவலை இல்லை. உப்பும் தாது உப்புக் கலவையும் போடலாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் வட்டாரத்துக்கேற்ற தாது உப்புக் கலவை தயாரித்து விற்கிறது. சான்றுள்ள பண்ணை அதன் சேர்மானப் பட்டியலைச் சான்றளிப்பவரிடம் முன்கூட்டியே காட்டி ஒப்புதல் பெற்றுவிடுவது பின்னால் வரும் வாக்குவாதத்தைத் தவிர்க்கும்.

ஒரு மாடு எவ்வளவு தின்னும்

கறவை மாடு ஒரு நாளில் தன் உடல் எடையில் 2.5 முதல் 3 சதவீதம் வரை உலர் எடையாக உண்ணும். 400 கிலோ எடையுள்ள கலப்பினப் பசுவுக்கு இது 10 முதல் 12 கிலோ. இதில் மூன்றில் இரண்டு பங்கு புல், தழை, வைக்கோலாகவும் ஒரு பங்கு அடர்தீவனமாகவும் இருப்பது வழக்கமான அளவு. அடர்தீவனத்தை உடல் பராமரிப்புக்கு 1.5 கிலோ, கறக்கும் ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் 1 கிலோ என்று கணக்கிடுவார்கள். நாளுக்கு 8 லிட்டர் கறக்கும் பசுவுக்கு இப்படி 4.7 கிலோ வரும். எருமைப் பாலில் கொழுப்பு மிகுதி என்பதால் அதற்கு 2 லிட்டருக்கு 1 கிலோ.

செலவைக் குறைக்கும் சாவி இந்த 4.7 கிலோவில் இருக்கிறது. புரதக் கணக்கில் 6 முதல் 8 கிலோ பயறுவகைப் பசுந்தீவனம் 1 கிலோ அடர்தீவனத்துக்கு ஈடாகும். அதே வேலையைப் புல்வகைத் தீவனம் செய்ய 20 கிலோ வேண்டும். வேலிமசால், குதிரைமசால், தட்டைப்பயறு, அகத்தி, கிளைரிசிடியா என்று எதுவானாலும், பயறுவகைத் தழை இல்லாத பண்ணையில் புரதத்தைக் காசு கொடுத்துப் பிண்ணாக்காகத்தான் வாங்க வேண்டியிருக்கும். இயற்கைப் பிண்ணாக்கு என்றால் காசு இன்னும் கூடும்.

பசுந்தீவன நிலம்

கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ-4, கோ-5 இரகங்கள் ஊரெங்கும் பரவியிருக்கின்றன. கோ-5க்குச் சொல்லப்படும் விளைச்சல் ஹெக்டேருக்கு ஆண்டில் 360 டன்; ஏக்கருக்கு ஏறக்குறைய 145 டன். தண்ணீரும் இரசாயன உரமும் தாராளமாகக் கிடைக்கும் நிலத்தின் கணக்கு அது. தொழுவுரம் மட்டும் போட்டு, கோடையில் கிணறு வற்றும் பண்ணையில் அதில் பாதியைக்கூட எதிர்பார்க்காமல் திட்டமிடுவதே பாதுகாப்பு. ஏக்கருக்கு 60 டன் என்று வைத்தால் ஒரு சென்டுக்கு 600 கிலோ. ஒரு பசுவுக்கு நாளுக்கு 15 கிலோ வீதம் ஆண்டுக்கு 5.5 டன் புல் வேண்டும். அதற்கு 9 சென்ட் போதும்.

இரண்டு கணுவுள்ள கரணைகளை 60 செ.மீ. பாரில் 50 செ.மீ. இடைவெளியில் நட்டால் சென்டுக்குச் சுமார் 135 கரணை பிடிக்கும். நட்ட 75ஆம் நாளையொட்டி முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. முழு நிலத்தையும் ஒரே நாளில் நட்டால் எல்லாம் ஒரே நாளில் முற்றும். ஆறேழு பாத்தியாகப் பிரித்து வாரம் ஒரு பாத்தி என்று நட்டு வந்தால் நாள்தோறும் இளம்புல் கிடைக்கும். முற்றிய நேப்பியர் தண்டை மாடு ஒதுக்கிவிடும். விளைச்சல் எடை கூடியும் தொட்டியில் பயன் இராது. நறுக்கிப் போடுவதும் அதே காரணத்துக்காகத்தான். புல் நறுக்கும் இயந்திரம் இல்லாத வீட்டில் தண்டின் அடிப்பாதி மாட்டின் காலடியில் கிடந்து சாணத்தோடு கூட்டிப் போகும்.

வேலிமசால் இந்தத் திட்டத்தின் மறுபாதி. ஹெக்டேருக்கு 80 முதல் 100 டன் என்பது அறிவிக்கப்பட்ட விளைச்சல். அதிலும் பாதியை எடுத்துக்கொண்டால் ஏக்கருக்கு 18 டன். ஒரு பசுவுக்கு நாளுக்கு 8 கிலோ என்றால் 16 சென்ட் தேவை. விதையின் தோல் கடினம் என்பதால் அப்படியே விதைத்தால் முளைப்பு ஏமாற்றும். கொதித்து இறக்கி 80 பாகை செல்சியசுக்கு ஆறிய நீரில் ஐந்து நிமிடம் போட்டு, பிறகு குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். முதல் அறுப்புக்கு 90 நாள் பிடிக்கும், அதன்பிறகு 40 நாளுக்கு ஒருமுறை. வேரில் முடிச்சு கட்டிக் காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால் இதற்கு எரு குறைவாக வைத்து, மிச்ச எருவைப் புல்லுக்குக் கொடுக்கலாம்.

ஆக ஒரு பசுவுக்கு 25 சென்ட் பாசன நிலம். அரை ஏக்கர் ஒதுக்க முடிகிறவர் இரண்டு பசுவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மூன்றாவது பசு வந்த அன்றிலிருந்து வெளியே தீவனம் தேடும் வேலையும் வந்துவிடும். வரப்பிலும் வேலியிலும் அகத்தி, கிளைரிசிடியா, சூபாபுல் வைப்பதற்குத் தனி நிலம் தேவையில்லை. சூபாபுல்லில் மைமோசின் என்ற நச்சு இருப்பதால் பசுந்தீவனத்தில் அதை மூன்றில் ஒரு பங்குக்குமேல் போகவிடக் கூடாது.

உரக் கணக்கும் இதற்குள்ளேயே நேராகிவிடுகிறது. 400 கிலோ பசு நாளுக்கு 15 கிலோவுக்குக் குறையாமல் சாணம் போடும். ஆண்டில் 5 டன்னுக்கு மேல். புல்லுக்கு ஏக்கருக்கு 10 டன் தொழுவுரம் என்ற பரிந்துரைப்படி 25 சென்டுக்கு 2.5 டன் போதும் என்றாலும், நேப்பியர் பெருந்தீனிப் பயிர். மக்கியபின் எடை சுண்டிவிடும் எருவில் பெரும்பகுதியை அதுவே கேட்கும். தழைச்சத்து மிகுந்த மூத்திரத்தை மண்தரை உறிஞ்சவிடுவதுதான் பெரும்பாலான கொட்டகைகளில் நடக்கும் இழப்பு. சிமென்ட் தரையும் சிறு வாய்க்காலும் அமைத்துக் கழுவும் நீரோடு புல்பாத்திக்குத் திருப்பிவிட்டால், அறுப்புக்கு அறுப்பு வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

வைக்கோல் என்னும் சிக்கல்

இயற்கைத் தீவனம் பற்றிய பேச்சில் எல்லாரும் பிண்ணாக்கைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். சான்று ஆய்வில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் வைக்கோல். மேலே சொன்ன பசு நாளுக்கு 4 கிலோ வைக்கோல் தின்றால் அதன் உலர் எடை 3.6 கிலோ. மொத்த உணவு 11.8 கிலோ என்றால் இது 30 சதவீதம். வெளியிலிருந்து வரும் வழக்கமான தீவனத்துக்கு விதி தரும் இடமோ 15 சதவீதம். அதாவது ஏறத்தாழ 2 கிலோ வைக்கோல். அந்த 2 கிலோவை வெளியில் வாங்கிவிட்டால் பிறகு ஒரு கைப்பிடித் தவிடுகூட இயற்கை அல்லாததாக இருக்க முடியாது.

நெல் விளைவிக்கிறவருக்கு இது பெரிய தொல்லை இல்லை. இயந்திர அறுவடைக்குப்பின் வயலில் கிடக்கும் வைக்கோலை உருளையாகக் கட்டி எடுத்துக்கொள்ளலாம். தை, மாசி அறுவடைக்காலத்தில் எடுத்து வைப்பதற்கும் சித்திரை, வைகாசியில் வாங்குவதற்கும் விலையில் பெரிய இடைவெளி உண்டு. ஈரம் காயாமல் போர் போட்டால் உள்ளே பூசணம் பிடித்து, மலிவாகச் சேர்த்ததெல்லாம் எருக்குழிக்குப் போகும்.

நெல் இல்லாத மேட்டு நிலத்தில் சோளத்தட்டும் கடலைக்கொடியும் வைக்கோலைவிடச் சிறந்தவை. கடலைக்கொடியில் வைக்கோலைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் புரதம் இருக்கிறது. பல அறுப்புத் தீவனச் சோளமான கோ-எஃப்.எஸ். 29 முதல் அறுப்புக்கு 65 நாளும் பிறகு 50 நாளுக்கு ஒருமுறையும் வரும். மழைக்காலத்தில் மிஞ்சுவதைக் காயவைத்தோ ஊறுகாய்ப்புல்லாக்கியோ கோடைக்குச் சேமிக்கலாம். இளஞ்சோளத்தை, அதுவும் தண்ணீரின்றி வாடியதை, பூக்கும்முன் மாட்டுக்குப் போடக் கூடாது. அதிலுள்ள சயனைடு நச்சு ஒரு மாலைப்பொழுதில் மாட்டைக் கொன்றுவிடும். ஊறுகாய்ப்புல் போட யூரியாவோ விலைகொடுத்து வாங்கும் நுண்ணுயிரோ தேவையில்லை. பூக்கும் பருவத்தில் அறுத்து, அரைநாள் வாடவிட்டு, நறுக்கி, கொஞ்சம் வெல்லக் கரைசல் தெளித்து, காற்றுப் புகாமல் மிதித்து மூடினால் 45 நாளில் தயார்.

அடர்தீவனம் கலப்பது

வீட்டில் கலக்கும் அடர்தீவனத்துக்கு ஒரு சேர்மானம்: 100 கிலோவுக்குக் கம்பு அல்லது மக்காச்சோளம் 35, செக்குக் கடலைப் பிண்ணாக்கு 15, தேங்காய்ப் பிண்ணாக்கு 10, பச்சைத் தவிடு 22, பருப்புப் பொட்டு 15, தாது உப்பு 2, சாதா உப்பு 1 கிலோ. இதில் புரதம் ஏறக்குறைய 17 சதவீதம் வரும். பயறுவகைத் தழையும் சேர்ந்து தின்னும் 8 லிட்டர் பசுவுக்கு இது போதும். 15 லிட்டர் கறக்கும் பசுவுக்குப் போதாது. அப்படிப்பட்ட பசுவை இயற்கைத் தீவனத்தில் வைத்துக் காப்பாற்றுவதும் சிறு பண்ணைக்கு எளிதல்ல. பால் அளவுக்காகவே தேர்ந்தெடுத்து வளர்த்த மாடு, தன் உடம்பைக் கரைத்தாவது பால் கொடுக்கும், பிறகு சினைக்கு நிற்காமல் போகும். இயற்கைப் பண்ணைக்கு மாடு வாங்குகிறவர் 8 முதல் 10 லிட்டர் கறவையைத் தேடுவது மேல்.

விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். கணக்கு விளங்குவதற்காக இப்படி வைத்துக்கொள்ளலாம்: தானியம் கிலோ 25 ரூபாய், கடலைப் பிண்ணாக்கு 60, தேங்காய்ப் பிண்ணாக்கு 35, தவிடு 20, பொட்டு 30, தாது உப்பு 100, உப்பு 10. நூறு கிலோவுக்கு 3,225 ரூபாய் வரும். அரவைக்கூலியும் சேர்த்தால் கிலோ 34 ரூபாய். தெரிந்த விவசாயியிடமும் உள்ளூர்ச் செக்கிலும் நேரில் வாங்கும்போது கிடைக்கக்கூடிய விலைகள் இவை. சான்று முத்திரையோடு கடையில் வாங்கினால் கூடும்.

பச்சைத் தவிட்டை மொத்தமாக வாங்கி வைக்க முடியாது. எண்ணெய்ப்பசை இருப்பதால் சில நாளிலேயே சிக்கு வாடை அடித்துவிடும். வாரத்துக்கு வேண்டியதை ஆலையிலிருந்து புதிதாக எடுக்க வேண்டும். கடலைப் பிண்ணாக்கில் கவனிக்க வேண்டியது பூசணம். அஃப்ளாடாக்சின் நஞ்சு பிண்ணாக்கிலிருந்து மாட்டுக்கும் மாட்டிலிருந்து பாலுக்கும் போகும். பாலில் அதன் எம்1 வடிவம் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்குமேல் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. இயற்கை முறையில் விளைந்த கடலை என்பதற்காகப் பூசணம் அதை விட்டுவைத்துவிடாது. மழை நனைந்த கடலையை ஆட்டிய பிண்ணாக்கு எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். ஐயம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவன ஆய்வகத்தில் சோதித்துக்கொள்ளலாம்.

லிட்டருக்கு எவ்வளவு

இரண்டு பண்ணைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். இரண்டிலும் அதே 8 லிட்டர் பசு, அதே 11.8 கிலோ உலர் உணவு.

முதல் பண்ணையில் நிலம் இல்லை, எல்லாம் விலைக்கு. அடர்தீவனம் 4.7 கிலோ 34 ரூபாய் வீதம் 160 ரூபாய். வைக்கோல் 4 கிலோ 6 ரூபாய் வீதம் 24. பசும்புல் 20 கிலோ 4 ரூபாய் வீதம் 80. மொத்தம் 264 ரூபாய், லிட்டருக்கு 33.

இரண்டாவது பண்ணையில் 25 சென்ட் தீவனம். வேலிமசால் 8 கிலோ போடுவதால் அடர்தீவனம் 3.6 கிலோவாகக் குறைகிறது; 122 ரூபாய். வைக்கோல் 24. சொந்தப் புல் 15 கிலோ, தண்ணீர், எரு, அறுப்புக்கூலி எல்லாம் சேர்த்துக் கிலோ 1.50 என்று வைத்தால் 22.50. வேலிமசால் 2 ரூபாய் வீதம் 16. மொத்தம் 185, லிட்டருக்கு 23.

இத்தோடு நிறுத்துவதுதான் பலருடைய கணக்கிலும் நேரும் பிழை. பசு 13 மாதத்துக்கு ஒரு கன்று போட்டு 300 நாள் கறந்தால், 90 நாள் வற்றாக நின்றும் தின்னும். வயிற்றில் கன்று வளரும் அந்த நாள்களில் அடர்தீவனத்தை நிறுத்தவும் முடியாது. முதல் பண்ணையில் வற்றுக்காலத்தில் 3 கிலோ அடர்தீவனத்தோடு நாளுக்கு 206 ரூபாய், 90 நாளுக்கு 18,540. இரண்டாவது பண்ணையில் வேலிமசாலோடு 2 கிலோ அடர்தீவனம் போதும், நாளுக்கு 130.50, மொத்தம் 11,745. இதை ஈற்றுக்கு 2,400 லிட்டர் பாலில் பகிர்ந்தால் முதல் பண்ணைக்கு லிட்டருக்கு மேலும் 7.70 ரூபாயும் இரண்டாவதற்கு 4.90 ரூபாயும் ஏறும். முடிவான தீவனச் செலவு ஒன்றில் லிட்டருக்குச் சுமார் 41 ரூபாய், மற்றதில் 28.

2023 டிசம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 38 ரூபாயாக உயர்ந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் விலை போடுவது கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் பார்த்துத்தான். இயற்கைத் தீவனம் தின்ற பால் என்பதற்குத் தனி விலை கிடையாது. விலைக்கு வாங்கித் தின்னும் மாடு அந்த 38 ரூபாயில் தீவனத்தையே கட்டுப்படியாக்காது. சொந்தத் தீவனப் பசு லிட்டருக்கு 10 ரூபாய் மிச்சம் வைக்கும். அதிலிருந்து மருத்துவம், சினை ஊசி, கொட்டகைச் செலவு, வீட்டார் உழைப்பு எல்லாம் எடுக்க வேண்டும். வீட்டார் உழைப்புக்குக் கூலி போடாமல் லாபம் சொல்வது ஊர் வழக்கம். அந்தக் கூலியையும் எழுதினால் பத்து ரூபாயில் மிஞ்சுவது சொற்பம். வீடுவீடாகப் பால் ஊற்றியோ தயிர், நெய்யாக்கியோ கூடுதல் விலை பெற முடிகிறவருக்கு மட்டுமே விலைக்கு வாங்கிய இயற்கைத் தீவனம் ஓரளவு தாங்கும்.

அசோலா, முளைப்பாரித் தீவனம்

மலிவுத் தீவனம் என்றதும் முதலில் சொல்லப்படுவது அசோலா. உலர்ந்த அசோலாவில் 25 சதவீதம் வரை புரதம் உண்டு என்பது உண்மை. ஆனால் பச்சை அசோலாவில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர். ஒரு கிலோ பச்சை அசோலாவில் உலர் எடை 60 கிராம், புரதம் 15 கிராம். இதே புரதம் 36 கிராம் செக்குப் பிண்ணாக்கில் கிடைத்துவிடும். விலை இரண்டு ரூபாய்க்குச் சற்று மேல். நாளுக்கு ஒரு கிலோ தரும் தொட்டிக்குத் தார்ப்பாய் வாங்கி, நிழல் கட்டி, மண் மாற்றி, தினமும் அள்ளி அலசிப் போடும் உழைப்புக்குக் கிடைப்பது அவ்வளவே. வழக்கமாகச் சொல்லும் சூப்பர் பாஸ்பேட்டையும் இயற்கைப் பண்ணையில் போட முடியாது; பாறை பாஸ்பேட்டுத்தான். கோழிக்கும் வாத்துக்கும் அசோலா நல்ல தீனி. பசுவின் அடர்தீவனத்தைக் குறைக்கும் என்று நம்பி இறங்க வேண்டாம்.

தட்டில் மக்காச்சோளத்தை முளைக்கவிட்டுப் பாயாக எடுக்கும் தீவனத்திலும் இதே கண்மயக்கு. ஒரு கிலோ தானியம் ஐந்தாறு கிலோ பச்சையாகிறது என்பது தண்ணீரின் எடை. முளைக்கும்போது விதை தன் மாவைச் செலவழிப்பதால் உலர் எடை ஒரு கிலோவைவிடக் குறைந்தே இருக்கும். நிலமே இல்லாதவர் சிறிது பசுமை கொடுப்பதற்கு அது உதவலாம்.

மானாவாரி நிலத்தில்

கிணறு இல்லாதவருக்கு நேப்பியர் பற்றிய பேச்சு பயன்படாது. அவருக்கான முன்மாதிரி காங்கேயம் வட்டாரத்துக் கொரங்காடு. திருப்பூர், கரூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் வறண்ட பகுதியில், கிளுவை முள்வேலி சூழ்ந்த காட்டில் கொழுக்கட்டைப் புல்லும் தானே முளைக்கும் பயறுவகைச் செடிகளும் மண்டியிருக்க, இடையிடையே வெள்வேல மரங்கள் நிற்கும். மாடு மேய்ந்து போட்ட சாணமே அதற்கு உரம். பூச்சிமருந்தோ இரசாயன உரமோ பார்த்திராத அந்த நிலம், இயற்கைத் தீவனம் என்ற பேச்சு வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அப்படித்தான் இருந்து வருகிறது. கோடையில் புல் காய்ந்தபின் வெள்வேலக் காய் உதிர்ந்து மாட்டுக்கும் ஆட்டுக்கும் புரதம் தருகிறது.

நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் கறக்கும் காங்கேயம் பசு இந்த மேய்ச்சலோடு ஒரு கிலோ தவிடும் பிண்ணாக்கும் கிடைத்தால் உடல் தளராது. பால் வரவு சிறியது, செலவும் சிறியது. காளைக்கன்றுக்குத் தனி மதிப்பு உண்டு. மற்ற மாவட்டத்தில் புதிதாகத் தொடங்குகிறவர் ஆடி, ஆவணி மழையில் கொழுக்கட்டைப் புல் விதையை முயல்மசாலோடு கலந்து விதைத்து, முதல் ஆண்டு மேயவிடாமல் வேர் பிடிக்கவிட்டு, பிறகு நிலத்தை நான்கு பட்டியாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்கலாம்.

ஆடும் கோழியும்

ஆட்டுக்குத் தழைதான் உணவு. வளர்ந்த வெள்ளாட்டுக்கு நாளுக்கு 3 முதல் 4 கிலோ பசுந்தழையும், சினையாடு, பாலூட்டும் ஆடு என்றால் கால் கிலோ அடர்தீவனமும் போதும். அகத்தி, வேலிமசால், கிளுவை, வேம்பு என்று கலந்து கட்டித் தொங்கவிட்டால் வீணாவது குறையும். தரையில் போட்ட தழையில் மூத்திரம் பட்டால் ஆடு மோந்து பார்த்துவிட்டு விலகிப்போகும்.

கோழிக்கு இயற்கைத் தீவனம் கலப்பது மாட்டைவிடக் கடினம். கூண்டுக்கோழித் தீவனத்தில் மெத்தியோனின் போன்ற தூய அமினோ அமிலங்களைச் சேர்த்துப் புரதக்குறையைச் சரிசெய்கிறார்கள். அங்கக விதியில் அதற்கு இடமில்லை. அந்தச் சத்தைப் புழு பூச்சியிலிருந்தும் எள்ளுப் பிண்ணாக்கிலிருந்தும்தான் கொண்டுவர முடியும். கொல்லையில் திரியும் நாட்டுக்கோழி முதல் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும். அதற்குத் துணையாகக் கரையான் பிடிக்கும் முறை உண்டு. பழைய பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை, கட்டைத்தூள் போட்டு நீர் தெளித்து, கரையான் நடமாட்டமுள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல தீனி இல்லை. குருணை, கம்பு, தவிடு, எள்ளுப் பிண்ணாக்குக் கலவையை மாலையில் கோழிக்கு 50 கிராம் வீதம் இறைத்தால், அடைவதற்கு வீடு திரும்பும் பழக்கமும் படியும்.

கணக்கேடு

சான்று வேண்டுமென்றாலும் வேண்டாமென்றாலும் தீவனத்துக்கு ஓர் ஏடு தேவை. வாங்கிய பொருள், தேதி, எடை, விலை, யாரிடம் வாங்கியது, எந்த நிலத்தில் விளைந்தது. சொந்த நிலத்திலிருந்து எந்தப் பாத்தியில் எந்த நாள் எவ்வளவு அறுத்தது. காலை, மாலைப் பால் அளவு. செக்கில் வாங்கும் பிண்ணாக்குக்குச் சீட்டு தருவதில்லை. கேட்டு வாங்கி ஏட்டில் ஒட்டிவைக்க வேண்டும். பக்கத்து வயலில் வாங்கிய வைக்கோலுக்கு, அந்த வயலில் என்ன மருந்து அடித்தார்கள் என்பதையும் ஒரு வரி எழுதிவைப்பது 15 சதவீதக் கணக்குக்கு உதவும். மாதக் கடைசியில் வாங்கிய தீவனச் செலவை மாதப் பாலால் வகுத்தால் வரும் எண், சித்திரையிலும் கார்த்திகையிலும் எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்த்து, அடுத்த ஆண்டு எத்தனை சென்ட் வேலிமசால் கூட்டுவது, எந்த மாதத்துக்கு ஊறுகாய்ப்புல் போட்டு வைப்பது என்பதை முடிவு செய்யலாம்.